மதில்மேல் பூனை

நுழையும்முன்

தெருவில் திரியும் பூனைக்கு இரங்குவது எளிது. அந்த இரக்கம் ஒருநாள் உணர்வாக நின்றுவிடாமல், பல்லாண்டுப் பொறுப்பாக வளர்வதற்கு என்ன வேண்டும்? மனிதரைக் கண்டால் அஞ்சி ஒளியும் தெருப்பூனை ஒன்றை வீட்டுக்குள் ஏற்பதைப் பற்றிய கருத்துக் கட்டுரை இப்பாடமாக அமைந்துள்ளது.

தயக்கம் குற்றமன்று

முடிவெடுக்க இயலாமல் தடுமாறுபவரை 'மதில்மேல் பூனை' என்று குறிப்பிடுவது தமிழ் வழக்கு. எந்தப் பக்கம் தாவும் என்று சொல்ல இயலாது என்பது அதன் பொருள். பெரும்பாலும் இத்தொடர் இகழ்ச்சியாகவே வழங்குகிறது. ஆயினும், உண்மையான மதிலின்மேல் உண்மையான பூனை ஒன்று அமர்ந்திருக்கும்போது, அதன் தயக்கத்தில் இகழத்தக்கது எதுவும் இல்லை. மதிலின் ஒருபுறம் தெருநாய்கள்; மறுபுறம் மனிதர்கள். எந்தப் பக்கம் பாதுகாப்பானது என்பதை அது தன் பட்டறிவைக் கொண்டு எடைபோடுகிறது. கல்லெறிந்த கையையும் அது கண்டிருக்கும். உணவு வைத்த கையையும் கண்டிருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே கைதான். ஆகவே அது காத்திருக்கிறது.

தில்லியின் அரசு ஊழியர் குடியிருப்புகளில் இத்தகைய மதில்களும் பூனைகளும் நிறைய உண்டு. மார்கழி, தை மாதங்களில் அந்நகரின் இரவு வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்குவது வழக்கம். அந்தக் குளிரில், சற்றுமுன் நிறுத்தப்பட்ட மகிழுந்தின் இயந்திரச் சூட்டை நாடிப் பூனைகள் அதன் முன்மூடிக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ளும். காலையில் வண்டியை இயக்கும்முன் முன்மூடியை நான்கு முறை தட்டுவது ஓர் உயிரைக் காக்கும் செயல். குளிரில் நடுங்கும் அப்பூனையைப் பார்க்கும் சிறுவர்க்கு அதனை வீட்டுக்குள் தூக்கி வந்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அவ்வெண்ணம் நல்லது, ஆனால் அதுமட்டும் போதாது.

அஞ்சும் பூனை எப்போது நெருங்கிவர வேண்டும் என்பதைப் பூனையே முடிவு செய்ய வேண்டும். அது எத்தனைக் காலம் தங்கலாம் என்பதை வீட்டார் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். முன்னது பொறுமை, பின்னது பொறுப்பு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அன்பில் தொடங்கிய செயல் துன்பத்தில் முடியும்.

எல்லாப் பூனையும் ஒன்றல்ல

தெருவில் காணப்படும் பூனைகளை மூவகையாகப் பிரித்து அறியலாம். முதல்வகை, வழிதவறிய வீட்டுப் பூனை. அது மனிதரை நோக்கிக் கத்தும், காலில் உரசும், கழுத்தில் பட்டையும் இருக்கக்கூடும். அதற்குரிய வீட்டாரைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதற்கடமை. இரண்டாம் வகை, முன்பு மனிதரோடு வாழ்ந்து பின்னர்க் கைவிடப்பட்ட பூனை. அல்லது தெருவிலேயே பிறந்து, உணவளிப்போரை அரைகுறையாக நம்பக் கற்ற பூனை. அது தொலைவில் நிற்கும்; உணவு வைத்தவர் விலகிய பின்னரே உண்ணும்; நாளடைவில் தொலைவைக் குறைக்கும். மூன்றாம் வகை, மனிதர் பழக்கமே இன்றி வளர்ந்த பூனை. மனிதரின் நிழல் பட்டாலே அது மறைந்துவிடும்.

இவ்வேறுபாட்டிற்கு ஓர் இயற்கைக் காரணம் உண்டு. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏறத்தாழ ஏழாம் வாரம் வரையிலான பருவத்தில் பூனைக்குட்டியின் மனம் புதியனவற்றை எளிதில் ஏற்கிறது. அப்பருவத்தில் மனிதரின் குரலையும் கையையும் அறிந்த குட்டி, பிற்காலத்தில் மனிதரை நம்பும். அறியாத குட்டிக்கு மனிதர் என்றும் அயலாரே. ஆதலால் மூன்றாம் வகையைச் சேர்ந்த முதிர்ந்த பூனையை நான்கு சுவர்களுக்குள் அடைப்பது அதற்கு அடைக்கலமன்று, சிறையே ஆகும். அதற்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அது வாழ்ந்த இடத்திலேயே மீண்டும் விட்டு, நாள்தோறும் உணவும் நீரும் வைப்பதே உண்மையான உதவி. சில பூனைகளின் காது நுனி நேராகக் கத்தரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கருத்தடை செய்யப்பட்டது என்பதை உணர்த்தும் அடையாளம் அது. கொடுமையின் தழும்பு அன்று.

குட்டிகள் மட்டும் தனியே கிடந்தால் உடனே எடுத்து வந்துவிடலாகாது. தாய்ப்பூனை இரை தேடிச் சென்றிருக்கலாம். மறைவில் நின்று சில மணிநேரம் கவனிக்க வேண்டும். தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பவர் இரக்கத்தின் பெயரால் ஒரு தீங்கைச் செய்தவர் ஆவார்.

வீட்டுக்குள் ஏற்கத்தக்கது பெரும்பாலும் இரண்டாம் வகைப் பூனையே. இனி வருவன எல்லாம் அதனைப் பற்றியவை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பூனை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரும்முன் அதன் நிறத்தைப் பற்றியும் பெயரைப் பற்றியும் பேசுவோர் பலர். கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வியோ வேறு: 'மாற்றல் ஆணை வந்தால் இப்பூனை என்னவாகும்?'

அரசு ஊழியர், படைவீரர், வங்கி ஊழியர் ஆகியோரின் குடும்பங்களுக்கு இக்கேள்வியின் பொருள் நன்கு விளங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டுப் பொருள்கள் பெட்டிகளில் அடைக்கப்படும். சரக்குந்து வந்து நிற்கும். பிள்ளைகள் பள்ளியையும் நண்பரையும் விட்டுப் புறப்படுவர். அவ்வாறு குடும்பம் புறப்பட்ட பின்னர், பூட்டிய கதவின் முன் அமர்ந்து கத்தும் பூனைகள் குடியிருப்புகளில் உண்டு. தெருவிலேயே வளர்ந்திருந்தால் அது எங்கே உணவு கிடைக்கும் என்று அறிந்திருக்கும். சில ஆண்டுகள் வீட்டுக்குள் வளர்ந்த பின்னர் வெளியே விடப்பட்ட பூனைக்கு அத்திறனும் குறைந்திருக்கும். மனிதரிடம் கொண்ட அச்சமும் குறைந்திருக்கும். தெருவில் அதனைக் காத்த இரண்டு கவசங்களும் கழன்றுவிட்ட நிலையில் அது வெளியே நிற்கிறது. அதற்கு அன்பு காட்டாமலே இருந்திருந்தால் இவ்வளவு தீங்கு நேர்ந்திராது.

வீட்டில் நன்கு பேணப்படும் பூனை 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடும். ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது பூனையை ஏற்கும் சிறுமி, கல்லூரிக் கல்வியை முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கலாம். ஆகவே முடிவு சிறுவருடையதாக மட்டும் இருத்தல் கூடாது. வீட்டில் உள்ள அனைவரும் இசைய வேண்டும். மூச்சிரைப்பு நோயோ ஒவ்வாமையோ உடையவர் உள்ளனரா, வாடகை வீடாயின் உரிமையாளர் இசைவாரா, விடுமுறையில் அனைவரும் சொந்த ஊருக்குச் செல்லும்போது யார் பார்த்துக்கொள்வர் என்பனவற்றை முன்னரே பேசித் தெளிய வேண்டும். இவற்றுக்கு விடை கிடைக்காத வீட்டினர் பூனையை ஏற்காமல், வாயிலுக்கு வெளியே நாள்தோறும் நீரும் உணவும் வைத்தால் போதுமானது. அதுவும் அறமே.

ஓர் அறையும் ஓர் அட்டைப்பெட்டியும்

பூனை வீட்டுக்குள் வந்த முதல்நாளில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வீடு முழுவதையும் அதற்குக் காட்ட விழைவர். அண்டை வீட்டுப் பிள்ளைகளை அழைப்பர். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அது மாறும். விருந்தினரை மகிழ்விக்கும் முறை அஞ்சும் பூனைக்குப் பொருந்தாது. அதற்கு முதலில் வேண்டியது ஓர் அமைதியான சிறிய அறை; அவ்வறையில் புகுந்துகொள்ள ஒரு மறைவிடம்.

பழைய அட்டைப்பெட்டி ஒன்றே போதும். 2014-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிசெய்தது. விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை அவர்கள் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டிகள் கொடுத்தனர். பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் முதல் சில நாள்களிலேயே விரைவாகத் தணிந்தது. ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த உயிரே வெளியே வரத் துணிகிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. புதிய ஊரில், புதிய பள்ளியில், மொழி சரிவரப் புரியாத வகுப்பில் முதல்நாள் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நினைவு பலருக்கு இருக்கும். அன்று அனைவர் முன்னிலையிலும் எழுந்து பாடச் சொன்னவரைவிட, அருகில் அமர்ந்து ஒன்றும் கேளாமல் தன் உணவுப்பெட்டியைத் திறந்து நகர்த்தி வைத்த வகுப்புத் தோழரே நினைவில் நிற்பார். பூனைக்கும் அத்தகைய தோழமையே தேவைப்படுகிறது.

அறையில் உணவுக் கிண்ணம், நீர்க் கிண்ணம், மணல் நிரப்பிய தட்டு ஆகியன இருத்தல் வேண்டும். மணல் தட்டு உணவுக்கு அருகில் இருத்தல் கூடாது. பூனை தூய்மையை விரும்பும் உயிர். மணலை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். கருவுற்ற பெண்கள் அப்பணியைச் செய்யாமல் இருப்பது நல்லது. பூனையின் கழிவு வழியாகப் பரவும் ஒருவகை ஒட்டுண்ணி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். பலகணிகளுக்கும் மேல்மாட முகப்புகளுக்கும் வலை அடித்தல் இன்றியமையாதது. அடுக்குமாடிகளிலிருந்து தவறி விழும் பூனைகள் கடுமையாகக் காயமுறுகின்றன. வலையால் வேறொரு நன்மையும் உண்டு. பூனை வெளியே செல்லாத வீட்டின் அருகே சிட்டுக்குருவிகள் அச்சமின்றி வாழும். தில்லி அரசு 2012-ஆம் ஆண்டில் சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. ஓர் உயிருக்குக் காட்டும் அன்பு மற்றோர் உயிருக்குக் கேடாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் கடமையே.

கண்ணின் மொழி

'பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?' என்று ஒரு பழமொழி கேட்கிறது. உண்மையை எதிர்கொள்ள மறுப்பவரைக் குறித்து எழுந்த பழமொழி அது. பூனையின் உலகிலோ கண்ணை மெல்ல மூடித் திறப்பதற்கு வேறு பொருள் உண்டு. தன்னைச் சுற்றித் தீங்கில்லை என்று உணரும் பூனையே மனிதர் முன்னிலையில் கண்களைச் சுருக்கி மெதுவாக இமைக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மனிதர் மெதுவாக இமைத்துக் காட்டும்போது பூனைகளும் அவ்வாறே இமைப்பதையும், முன்பின் அறியாதவராயினும் அவரை நோக்கி நெருங்கி வர முற்படுவதையும் காட்டியது. இமைக்காமல் உற்றுநோக்கும் பார்வையைப் பூனை அச்சுறுத்தலாகக் கொள்கிறது.

ஆகவே அஞ்சும் பூனையுடன் பழக விரும்புபவர் செய்ய வேண்டியவை மிக எளியன. தரையில் அமர வேண்டும். நிற்கும் மனிதர் பூனைக்கு மலைபோன்றவர். முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, புத்தகம் ஒன்றை மெல்லிய குரலில் படிக்கலாம். வீட்டுப்பாடத்தை உரக்கப் படிக்க இதைவிடச் சிறந்த அவையும் கிடைக்காது. பூனை அருகில் வந்தால் கையை நீட்டிப் பிடிக்கலாகாது. விரலை அதன் மூக்குக்கு நேரே தாழ்த்தி வைத்து, அது மோந்து பார்க்கும் வரை அசையாதிருக்க வேண்டும். அது கன்னத்தை விரலில் உரசினால், அப்போது கன்னத்தையும் தாடையையும் மென்மையாக வருடலாம். காது பின்னோக்கி மடங்கினாலோ, வால் இருபுறமும் விரைந்து அசைந்தாலோ, உடனே கையை எடுத்துவிட வேண்டும். 'போதும்' என்பதைப் பூனை சொல்லும் முறை அது. அச்சொல்லை மதிக்கும் வீட்டில் பூனை நகத்தை நீட்டும் தேவை எழாது.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று வரையறுக்க இயலாது. சில பூனைகள் ஒரு வாரத்தில் மடியில் ஏறிவிடும். சில, மாதங்கள் கடந்தும் அறையின் மறுமூலையிலேயே இருக்கும். இரவில் அனைவரும் உறங்கியபின் வெளியே வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விடியுமுன் பெட்டிக்குள் சென்றுவிடும் பூனையும் உண்டு. அதுவும் அவ்வீட்டைத் தன் வீடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மடியில் உறங்கும் பூனை மட்டுமே அன்புள்ள பூனை என்று கருதுவது தவறு.

தயிர்ச்சோறு போதுமா?

பூனைக்குப் பால் வைப்பது தமிழர் வீடுகளில் நெடுநாள் வழக்கம். ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். தூய நீரே அதற்குச் சிறந்த குடிநீர்.

மரக்கறி உணவு மட்டும் உண்ணும் குடும்பங்கள் இங்கே ஓர் இக்கட்டான கேள்வியை எதிர்கொள்ள நேரும். பூனை இயற்கையிலேயே ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள 'டாரின்' என்னும் சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. அச்சத்து நெடுங்காலம் கிடைக்காவிடில் கண்பார்வை மங்கும், இதயம் வலுவிழக்கும். தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் மட்டும் உண்டு வளரும் பூனை, பார்வைக்கு நலமாகத் தோன்றினும் உள்ளே நலிந்துகொண்டிருக்கும். வீட்டாரின் உணவறம் மதிக்கத்தக்கது. பூனையின் உடலமைப்பும் மாற்ற இயலாதது. பூனைக்கென்று தயாரிக்கப்பட்டுக் கடைகளில் விற்கப்படும் முழுச்சத்து உணவை வாங்கித் தனிக் கிண்ணத்தில் வைக்க மனம் ஒப்பும் வீட்டார் பூனையை ஏற்கலாம். ஒப்பாதவர், அதற்குரிய உணவை மகிழ்ந்து அளிக்கும் வேறொரு வீட்டைத் தேடித் தருவதே நேர்மை.

வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியணுக்களைச் சிதைப்பன. ஆகவே எஞ்சிய சாம்பாரும் குழம்பும் அதற்கு ஆகா. மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே போக்கிவிடும். 'லில்லி' மலர்ச்செடிகளும் அதற்குக் கொடிய நஞ்சு. பூச்சாடியில் அவற்றை வைத்தல் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாள்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குடற்புழு நீக்கம், பூனைகளுக்கு வரும் கொடிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி, வெறிநோய்த் தடுப்பூசி ஆகியன இன்றியமையாதவை. கருத்தடையும் அவ்வாறே. பெண்பூனை பிறந்த நான்கைந்து மாதங்களிலேயே கருவுறக்கூடும். ஏறத்தாழ 65 நாள்களில் குட்டிகளை ஈனும். ஓர் ஆண்டிலேயே ஒரு வீடு தாங்க இயலாத அளவுக்குக் குட்டிகள் பெருகும். அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் மதில்மேல்தான் அமரும்.

பூனை கடித்தாலோ கீறினாலோ அதனை மறைத்தல் கூடாது. வீட்டில் திட்டுவார்கள் என்று அஞ்சிக் காயத்தைச் சட்டைக்குள் மறைக்கும் சிறுவர் உண்டு. வெறிநோய் முற்றிய பின்னர்க் காப்பது ஏறத்தாழ இயலாத செயல். தொடக்கத்திலேயே தடுப்பது எளிது. காயத்தை ஓடும் நீரில் வழலைக்கட்டி இட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பழகாத பூனையைச் சிறுவர் தனியே பிடிக்க முயல்வதும் தவறு. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

பூனையை வீட்டில் சேர்ப்பதற்கு எதிராகக் கூறப்படும் கருத்துகள் சில உள. பூனை குறுக்கே சென்றால் செயல் கெடும் என்னும் சகுன நம்பிக்கை வடக்கிலும் தெற்கிலும் ஒருசேர வழங்குகிறது. குறுக்கே செல்லும் பூனை தன் இரையையோ தன் குட்டியையோ நாடிச் செல்கிறது. தேர்வெழுதச் செல்லும் மாணவரின் மதிப்பெண்ணைப் பற்றி அதற்கு யாதும் தெரியாது. அச்சகுனத்தை நம்பி எறியப்படும் கல்லே பூனை மனிதரைக் கண்டு ஒளிவதற்கான காரணங்களுள் ஒன்று.

'உணவின்றி வாடும் மனிதர் பலர் இருக்கப் பூனைக்குச் செலவழிப்பதா?' என்பது மற்றொரு கேள்வி. இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. தம் பிள்ளையின் படிப்பையே சுமக்க இயலாத குடும்பம் பூனையின் மருத்துவச் செலவையும் ஏற்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்தல் ஆகாது. ஆனால் இக்கேள்வியை எழுப்புவோரில் பலர் மனிதருக்கும் உதவாமல் பூனைக்கும் உதவாமல் இருந்துவிடுகின்றனர். எளிய உயிருக்கு இரங்கிப் பழகிய கை, அயலாரின் துன்பத்திற்கும் நீளும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அவ்வாறு நீளாவிடில் அக்குறை இரங்கியவருடையது, பூனையுடையது அன்று.

மூன்றாவதாக, அண்டை வீட்டாரின் மனக்குறை. பூனை தம் வீட்டுப் பாலைக் குடித்துவிட்டது, பூந்தொட்டியைக் கிளறிவிட்டது என்று அவர்கள் கூறுவது பல வேளைகளில் உண்மையே. வீட்டுக்குள்ளேயே வளர்த்தல், கருத்தடை செய்தல், குறித்த நேரத்தில் உணவிட்டுக் கிண்ணத்தை எடுத்துவிடுதல் ஆகிய மூன்றும் அம்மனக்குறையைப் பெரிதும் போக்கும். பூனையை விரும்புவோர் அண்டை வீட்டாரோடு பகைத்துக்கொண்டால், அப்பகையின் விளைவு பெரும்பாலும் பூனையின் தலையில்தான் விடியும்.

சட்டம் கூறுவது

விலங்குகளிடம் இரக்கம் காட்டுவது தனிமனிதரின் விருப்பம் மட்டுமன்று. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 51-அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைக் கூறுகிறது. உயிரினங்களிடத்தில் பரிவு கொள்வதும் அவற்றுள் ஒன்று. அக்கடமைகள் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டவை.

அதற்கு முன்னரே, 1960-ஆம் ஆண்டில், விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாச்சேத்திராவை நிறுவிய நடனக் கலைஞராக அவரைப் பலரும் அறிவர். 1952-ஆம் ஆண்டில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான அவர், விலங்குகளைக் காக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசு பின்னர் இயற்றிய சட்டத்திற்கு அதுவே தூண்டுகோலாயிற்று. அச்சட்டத்தின்படி 1962-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். பூட்டிய கதவின் முன் அமர்ந்து கத்தும் பூனையைச் சட்டமும் கண்டிருக்கிறது.

பெட்டி கட்டும் நாள்

மாற்றல் ஆணை வந்தால் செய்ய வேண்டியவை இரண்டே. பூனையையும் உடன் அழைத்துச் செல்லுதல் முதல்வழி. அதற்குக் காற்றோட்டமுள்ள கூடை ஒன்றைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கி, கதவைத் திறந்தபடி அறையில் வைத்து, அதனுள் உணவிட்டுப் பழக்க வேண்டும். பயணநாளில் திடீரெனக் கூடைக்குள் திணிக்கப்பட்ட பூனை வழிநெடுகப் பதறும். பழகிய பூனை உறங்கும். தொடர்வண்டியில் விலங்குகளை அழைத்துச் செல்வதற்கு விதிமுறைகள் உள்ளன. தடுப்பூசிச் சான்றுடன் நிலையத்திற்கு முன்னதாகவே சென்று அவற்றைக் கேட்டறிதல் வேண்டும். புதிய ஊரில் மீண்டும் அதே முறை: ஓர் அறை, ஓர் அட்டைப்பெட்டி, பொறுமை.

அழைத்துச் செல்ல இயலாதபோது, அதனை அறிந்த, அது அறிந்த ஒருவரிடம் முறையாக ஒப்படைத்தல் இரண்டாம் வழி. புறப்படும் நாளில் ஒப்படைப்பது தகாது. அவர் பல வாரங்கள் வந்து பழக வேண்டும். அவர் கையால் உணவு உண்ண வேண்டும். பூனை படுத்துறங்கிய பழைய துணியும் அதனுடன் செல்ல வேண்டும். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்பது ஏற்பாடு ஆகாது. அந்த 'யாராவது' எந்தக் குடியிருப்பிலும் வசிப்பதில்லை.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின், பூனையை ஏற்காமல் விடுவதே நல்லது என்று சிலர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவும் மதிக்கத்தக்கதே. ஏற்பதென்று முடிவு செய்தவர்க்கோ இனிச் செய்ய வேண்டியது சிறிதே. கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். கிண்ணத்தை நாள்தோறும் அதே நேரத்தில் அதே இடத்தில் வைக்க வேண்டும். பின்னர் விலகி அமர வேண்டும். மதிலிலிருந்து எந்தப் பக்கம் இறங்குவது என்பதைப் பூனை தானே முடிவு செய்துகொள்ளும்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
அடைக்கலம் – புகலிடம்
இசைதல் – உடன்படுதல்
பலகணி – சன்னல்
வழலைக்கட்டி – சோப்பு
வெறிநோய் – விலங்குக் கடியால் பரவும் ரேபிஸ் நோய்
ஊனுண்ணி – இறைச்சி உண்டு வாழும் உயிர்

கற்பவை கற்றபின்

1. தெருவில் காணப்படும் பூனைகளின் மூன்று வகைகளையும் அவற்றுக்குச் செய்யத்தக்க உதவிகளையும் விளக்குக.
2. புதிதாக வந்த பூனைக்கு மறைவிடம் ஏன் தேவை? கட்டுரை தரும் சான்றுடன் எழுதுக.
3. 'அன்பு காட்டாமலே இருந்திருந்தால் இவ்வளவு தீங்கு நேர்ந்திராது' – இத்தொடர் எச்சூழலில் கூறப்பட்டது? இக்கருத்தை நீவிர் ஏற்கிறீரா? காரணம் தருக.
4. 'மதில்மேல் பூனை', 'பூனைக்கு மணி கட்டுதல்' ஆகிய மரபுத்தொடர்களைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
5. குழுவாக விவாதிக்க: மரக்கறி உணவு மட்டும் உண்ணும் குடும்பம் பூனை வளர்க்கலாமா?
6. புதிய ஊருக்கோ புதிய பள்ளிக்கோ சென்ற முதல்நாளில் உமக்கு உதவியாக இருந்த செயல் ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.